ஹாப்சன் என்பவர் யார்? "ஹாப்சன்ஸ் சாய்ஸ்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மெய்ப்புக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இப்போது கையில் இருப்பது தொழிலாளர் சட்டம் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புத் தொகுப்பு. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்று ஒரு முதலாளி சொல்கிறார். தொழிலாளர்களுக்குக் கிடைத்தது "ஹாப்சனின் தேர்வு" என்று கட்டுரை சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் அப்படியே போட்டுவிட்டு, "ஹாப்சன்: ஏகாதிபத்தியம் பற்றி எழுதிய ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர்" என்று அடிக்குறிப்பும் கொடுத்திருக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. "இருதலைக்கொள்ளி எறும்பு நிலை" என்று மாற்றி அனுப்பினேன். தொகுப்பாசிரியர் அதைச் சிவப்பில் அடித்து, "இரண்டும் ஒன்றல்ல" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். ஏன் ஒன்றல்ல என்று சொல்லவில்லை.

இரண்டு நாளாக இதே நினைப்பாக இருக்கிறது. அந்தப் பொருளியல் ஹாப்சனும் இந்தச் சொல்லில் வரும் ஹாப்சனும் ஒரே ஆளா? ஹாப்சன்-ஜாப்சன் என்று ஒரு பழைய அகராதி இருக்கிறதே, அதற்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா? அப்புறம் முக்கியமானது: இதைத் தமிழில் எப்படிச் சொன்னால் படிக்கிறவருக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், எனக்குப் படிக்க நேரம் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் இருந்தவன் எழுதியது:

சகோதரி, அடிக்குறிப்பை முதலில் எடுத்துவிடுங்கள். அது வேறு ஹாப்சன். உங்கள் சொல்லில் வருபவர் தாமஸ் ஹாப்சன், குதிரைக்காரர். 1544 வாக்கில் பிறந்து 1631 ஜனவரி முதல் தேதி இறந்தவர். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் இடையே கடிதம், மூட்டை, ஆள் என்று எல்லாவற்றையும் ஏற்றிப் போய் வந்த வண்டிக்காரர். அப்பா விட்டுப்போனது ஒரு வண்டியும் அதற்கான எட்டுக் குதிரைகளும். மகன் காலத்தில் லாயத்தில் நாற்பது குதிரை நின்றதாகச் சொல்வார்கள். லண்டனில் பிஷப்ஸ்கேட் பக்கத்தில் இருந்த புல் விடுதியில்தான் அவர் வண்டி போய் நிற்கும். கேம்பிரிட்ஜில் அவர் லாயம் இருந்த இடத்தில் இப்போது செயின்ட் கேத்தரின் கல்லூரி இருக்கிறது.

வண்டி ஓட்டாத நேரத்தில் சும்மா நின்ற குதிரைகளைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டார். இங்கேதான் கதை தொடங்குகிறது. பையன்கள் எல்லோருக்கும் வேகமான குதிரைதான் வேண்டும், அதனால் நல்ல நாலைந்து குதிரை மட்டும் ஓடி ஓடி நுரைதள்ளும், மீதி எல்லாம் நின்று கொழுக்கும். ஹாப்சன் ஒரு விதி போட்டார். லாயத்து வாசலுக்குப் பக்கத்தில் எந்தக் குதிரை நிற்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். ஓடி முடித்து வந்த குதிரை வரிசையின் கடைசிக்குப் போகும், ஓய்வெடுத்த குதிரை வாசலுக்கு வரும். வந்தவன் எவ்வளவு பெரிய பிரபு வீட்டுப் பையனாக இருந்தாலும் நாற்பது குதிரையைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் கையில் கிடைப்பது வாசலில் நிற்பது ஒன்றுதான். அது வேண்டாமா, நடந்து போ.

1712இல் ஸ்பெக்டேட்டர் என்ற லண்டன் பத்திரிகையில் ரிச்சர்ட் ஸ்டீல் இதை எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்த இடம், இதனால் வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியது போலவும் ஆயிற்று, குதிரைகளுக்கும் ஒரே நியாயம் கிடைத்தது என்று அவர் சொல்வது. நம் ஊரில் ஆட்டோ ஸ்டாண்டில் வரிசைப்படி முதல் வண்டிதான் கிளம்ப வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அச்சு அசலாக அதே ஏற்பாடு. இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ ஒரு கொடுமைக்கார முதலாளி நம் கழுத்தில் கத்தி வைத்தது போலத் தோன்றுகிறது. அவர் அந்த விதியைப் போட்டது வாயில்லா ஜீவனைக் காப்பாற்ற. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஊரில் நான் மூன்று வருடம் இருந்தேன், அவர் பெயரில் ஓடும் தண்ணீரைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

டிரம்பிங்டன் தெருவின் இரண்டு ஓரமும் கல்லால் கட்டிய ஆழமான வாய்க்கால் இருக்கும், மூடி கிடையாது. புதிதாக வந்தவர்கள் காரை ஓரம் கட்டும்போது சக்கரத்தை அதற்குள் விட்டுவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள். பெம்புரோக் கல்லூரிப் பக்கம் ஓடுவதற்குப் பெம் என்றும் எதிர்ப்பக்கம் பீட்டர்ஹவுஸ் ஓரமாக ஓடுவதற்குப் பாட் என்றும் பெயர். சாக்கடை என்று நினைத்துத்தான் முதல் நாள் நானும் ஒதுங்கினேன். குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது, அவ்வளவு தெளிந்த தண்ணீர். ஊருக்குத் தெற்கே நைன் வெல்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து வருகிறது. 1610இல் தொடங்கி அந்தத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். செலவழித்தவர்கள் பல பேர், அவர்களில் ஒருவர் ஹாப்சன். பராமரிப்புக்கு உயிலில் சொத்தும் எழுதி வைத்ததால் கால்வாய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. சந்தையில் தண்ணீர் விழுந்த அந்தக் கல்மண்டபத்தை 1856இல் பெயர்த்துக்கொண்டு போய் லென்ஸ்ஃபீல்டு சாலை முக்கில் வைத்திருக்கிறார்கள், இப்போதும் போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. அவர் இறந்தபோது கவி மில்டன் அங்கே கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் மாணவர், வயது இருபத்திரண்டு. ஹாப்சனுக்கு இரண்டு இரங்கல் கவிதை எழுதினார். 1630இல் கொள்ளைநோய் வந்து லண்டன் பயணத்தை நிறுத்திவிட்டார்கள், கிழவர் சும்மா உட்கார்ந்தார், உட்கார்ந்த கொஞ்ச நாளில் படுத்துவிட்டார். போய்க்கொண்டே இருந்தவரை மரணத்தால் பிடிக்க முடியவில்லை, நின்றார், பிடித்துவிட்டது. மில்டனின் கவிதை சுற்றுவது இதைத்தான். விளையாட்டாக எழுதியது என்பார்கள். எண்பது வயதுக்கு மேலும் உழைத்த ஒரு மனிதரை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு அது விளையாட்டாகப் படாது. என் தாத்தா செக்கு ஓட்டியவர், நிறுத்திய வருடமே போய்விட்டார்.

பழைய சுவடி எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் சொல் அவரிடமிருந்துதான் பிறந்தது என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அச்சில் "ஹாப்சனின் தேர்வு" என்று தெளிவாக வருவது 1660இல், சாமுவேல் ஃபிஷர் என்பவர் எழுதிய நூலில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் அவர். அங்கேயே "பழமொழி சொல்வது போல" என்றுதான் எழுதுகிறார், அப்படியானால் மக்கள் வாயில் அது ஏற்கெனவே புழங்கியிருக்கிறது. அதற்கும் முன்னால் 1617இல், ஜப்பானில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹிராடோ கிடங்குக்குத் தலைவராக இருந்த ரிச்சர்ட் காக்ஸ், ஜப்பானியர் கொடுக்கும் சலுகையை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லாமல் போக வேண்டும், இது "ஹாட்ஜ்சனின் தேர்வு" என்று எழுதியிருக்கிறார். பொருள் அச்சாக அதேதான், பெயர் மட்டும் ஹாட்ஜ்சன். ஹாப்சன் அப்போது உயிரோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். காக்ஸ் காதில் விழுந்ததைத் தப்பாக எழுதினாரா, இல்லை வேறொரு பழைய மரபுத்தொடர் பிற்பாடு நம் குதிரைக்காரர் பெயரோடு ஒட்டிக்கொண்டதா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். பிரபலமான ஒருவர் கிடைத்தால் ஊர் வாயில் திரியும் சொல் எல்லாம் அவர் மேல் போய் ஏறிக்கொள்ளும், நம் ஊரில் யாரோ பாடிய தனிப்பாடல் எல்லாம் காளமேகம் கணக்கில் சேர்வது போல.

பெயரைப் பற்றியும் ஒரு வரி. ராபர்ட் என்பதை இடைக்கால இங்கிலாந்தில் செல்லமாக ராப், டாப், ஹாப் என்று கூப்பிட்டார்கள். ஹாபின் மகன் ஹாப்சன். ஹாப்ஸ், ஹாப்கின்ஸ், ராப்சன், டாப்சன் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். கிரிக்கெட் ஜாக் ஹாப்ஸ் கூட. குட்டிச்சாத்தானுக்கு ஆங்கிலத்தில் ஹாப்காப்ளின் என்கிறார்களே, அந்த முன்பாதியும் இந்த ஹாப்தான். பொழுதுபோக்குக்குச் சொல்லும் ஹாபியும் ராபின் என்று சின்னக் குதிரைக்கு வைத்த செல்லப்பெயரிலிருந்து வந்தது.

சட்டம் படிப்பவன் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. சில ஆங்கிலக் கட்டுரைகளில், ஏன், தீர்ப்புகளில் கூட, "ஹாப்சியன் சாய்ஸ்" என்று வரும். அது தாமஸ் ஹாப்ஸ் என்ற தத்துவ அறிஞர் பெயர், ஹாப்சன் இல்லை. இரண்டு பேரும் தாமஸ் என்பதால் எழுதுகிறவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். மூலத்தில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

தமிழ் டீச்சர் எழுதியது:

மெய்ப்புக்காரிக்கு: உங்கள் தொகுப்பாசிரியர் அடித்தது சரி, காரணம் சொல்லாதது மட்டும்தான் தப்பு. நான் சொல்கிறேன்.

இருதலைக்கொள்ளி எறும்பு மாணிக்கவாசகர் வாக்கு, நீத்தல் விண்ணப்பத்தில் வருகிறது. ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் நெருப்பு, நடுவில் எறும்பு. இந்தப் பக்கம் ஓடினாலும் சுடும், அந்தப் பக்கம் ஓடினாலும் சுடும். அங்கே வழி இரண்டு, இரண்டும் கெட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். ஹாப்சன் லாயத்தில் நிலைமை வேறு. அங்கே கொடுக்கப்படுவது ஒன்றே ஒன்று, அது கெட்டதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, நல்ல குதிரையாகவே இருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்கிற உரிமை உன்னிடம் இருப்பது போலத் தோன்றும், உண்மையில் இருக்காது. சொல்லின் உயிர் அந்தப் "போல"வில் இருக்கிறது. நாற்பது குதிரையும் கண்ணுக்குத் தெரிவதால்தான் வாசலில் நிற்கும் குதிரை உறுத்துகிறது. ஒரே ஒரு குதிரை வைத்திருப்பவனிடம் போனால் யாருக்கும் உறுத்தாது.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்று, பையை விரித்துப் பிடிக்கும்போது, "புழுங்கல் தீர்ந்துபோச்சும்மா, பச்சரிசிதான் இருக்கு, வேணுமா வேண்டாமா?" என்று கேட்பார். அது கேள்வி மாதிரிதான் இருக்கும். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாது, வீட்டில் அரிசிப் பானை காலி. "போடுங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை நம் வாயிலிருந்து வருமா? என் அம்மா பல மாதம் அந்த "போடுங்க"வைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஹாப்சனைத் தமிழில் கொண்டுவர வேண்டுமென்றால் அந்தத் தொனி வர வேண்டும்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சிலர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது கிடைத்ததை வைத்துத் திருப்திப்படுவது. யாரும் யாரையும் அதில் கட்டாயப்படுத்தவில்லை. அதுவும் பொருந்தாது.

என் யோசனை: பேச்சில் எல்லோரும் சொல்வதையே எடுங்கள். "எடுத்தால் இதை எடு, இல்லையென்றால் விடு". கட்டுரை நடைக்கு "இது, இல்லையேல் எதுவுமில்லை". பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் "பெயரளவுத் தேர்வு" என்று போடலாம், கொஞ்சம் உலர்ந்த சொல்தான், ஆனால் பொய் சொல்லாது.

கேம்பிரிட்ஜில் இருந்தவன் எழுதியது:

டீச்சர், ரேஷன் கடை உதாரணம் பிரமாதம். ஒரு சொல் நான் முன்வைக்கலாமா? "வாசற்குதிரை". வாசலில் நிற்கிற குதிரைதான் கிடைக்கும் என்ற கதையும் உள்ளே இருக்கிறது, ஹாப்சன் என்ற பெயரும் தேவையில்லை.

தமிழ் டீச்சர் எழுதியது:

அழகாக இருக்கிறது தம்பி, ஆனால் கதை தெரிந்த உங்களுக்கும் எனக்கும்தான் அழகு. முதல் தடவை படிக்கிறவர் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரை என்று நினைப்பார், நம் ஐயனார் வாசலில் அதுதானே நிற்கிறது. பத்துப் பேர் புழங்கி, கதையும் கூடவே பரவினால் அப்புறம் பார்க்கலாம். சட்டக் கட்டுரைக்கு வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகர் எழுதியது:

ஹாப்சன்-ஜாப்சன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குதிரைக்காரருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் நம் ஊருக்கும் அதற்கும் நிறையச் சம்பந்தம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1886இல் வந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி அது. ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் என்று இரண்டு பேர். யூல் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பர்னெல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். எங்கள் அரண்மனையில் குவிந்து கிடந்த சமஸ்கிருதச் சுவடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பட்டியல் போட்டு 1880இல் வெளியிட்டார். அதற்கு முன்பே 1874இல் தென்னிந்திய எழுத்துகளின் வரலாறு பற்றி ஒரு நூல் எழுதிவிட்டார். பகலில் நீதிமன்ற வேலை, மற்ற நேரமெல்லாம் சுவடி. உடம்பு தாங்கவில்லை. 1882இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்துவிட்டார், அகராதி அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் 1872இலிருந்தே கடிதம் எழுதிக்கொண்டு சொல் சேர்த்தவர்கள். சரஸ்வதி மகாலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைப்பு வரும்.

பெயர் எப்படி வந்தது? மொகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு "யா ஹசன், யா ஹுசைன்" என்று அழுது குரல் எழுப்புவார்கள். இங்கே இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் அது "ஹாப்சன்-ஜாப்சன்" என்று விழுந்தது. தங்கள் ஊரில் தெரிந்த இரண்டு பெயர் போலக் கேட்டது, அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அதுவும் ஒரே நாளில் இல்லை, பழைய பயணக்குறிப்புகளில் ஹோசீன் கோசீன் என்றெல்லாம் வந்து, தேய்ந்து தேய்ந்து கடைசியில் அசல் ஆங்கிலக் குடும்பப்பெயராகவே நின்றது. இந்தியச் சொல் ஆங்கிலேயன் வாயில் என்ன பாடுபடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை என்று யூல் இதையே தலைப்பாக்கினார். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஒரு சமூகம் துக்கத்தில் எழுப்பும் குரலை எடுத்து அகராதிக்கு வேடிக்கைப் பெயராக வைத்தது சரியில்லை. புத்தகத்தின் மதிப்பு வேறு, தலைப்பு வேறு.

உள்ளே நம் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் முல்லிகடானி ஆனது, பாளையக்காரர் பாலிகர் ஆனார். ஒரு மொழிச்சொல் இன்னொரு மொழியின் வாய்க்கு ஏற்ப உருமாறுவதை மொழியியலில் "ஹாப்சன்-ஜாப்சன் விதி" என்றே சொல்கிறார்கள். இது ஒருவழிப் பாதை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் ஹாமில்டன் பாலம் என்று வெள்ளைக்காரர் வைத்த பெயரை நம் ஆட்கள் "அம்பட்டன் வாராவதி" ஆக்கினார்கள். கொஞ்ச நாள் கழித்து அதை யாரோ பொருள் பார்த்து ஆங்கிலத்துக்குத் திருப்பி, பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதிவிட்டார்கள். ஹாமில்டன் காணாமல் போனார். ஆர்மேனியன் தெரு அரண்மனைக்காரத் தெரு ஆனதும் இப்படித்தான். குடும்பப்பெயர் என்ன, ஊர்ப்பெயர் என்ன, மக்கள் வாயில் விழுந்தால் அவர்களுக்குத் தெரிந்த சொல்லாக மாறித்தான் வெளியே வரும்.

ஆக்லாந்துவாசி எழுதியது:

இந்த இழையில் எங்கள் ஊர் ஹாப்சனை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஆக்லாந்தில் ஹாப்சன் தெரு, ஹாப்சன்வில், ஹாப்சன் மலை எல்லாம் இருக்கின்றன, மலைக்கு நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மவோரிகளின் மொழியில் ஓஹினேராவ் என்று பெயர். எல்லாம் கேப்டன் வில்லியம் ஹாப்சன் பெயரில். அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டில் பிறந்து பிரிட்டிஷ் கடற்படையில் வளர்ந்தவர். மெல்போர்ன் துறைமுகத்துப் பக்கம் ஹாப்சன்ஸ் விரிகுடா இருக்கிறது, அதுவும் இவர்தான், 1836இல் கப்பலோடு அங்கே போனார்.

1840 ஜனவரி கடைசியில் நியூசிலாந்து வந்து இறங்கினார், பிப்ரவரி 6 பிரிட்டிஷ் அரசுக்கும் மவோரித் தலைவர்களுக்கும் இடையே வைதாங்கி ஒப்பந்தம். இடையில் ஒரு வாரம்தான். ஆங்கில வாசகத்தை ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும் ஒரே இரவில் மவோரியில் மொழிபெயர்த்தார்கள். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் முழு இறையாண்மையைக் கொடுப்பதாக இருக்கிறது. மவோரியில் "கவானதாங்கா" என்று போட்டார்கள், அதாவது ஆளுநர் நடத்தும் நிர்வாகம். அடுத்த பத்தியிலேயே தலைவர்களின் முழு அதிகாரம் அவர்களிடமே இருக்கும் என்றும் வருகிறது. கையெழுத்துப் போட்ட தலைவர்களில் பெரும்பாலோர் போட்டது மவோரிப் பிரதியில். இரண்டு பிரதியும் ஒன்று இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வாதம் நடக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரிடமும் கையைக் குலுக்கி "நாம் இப்போது ஒரே மக்கள்" என்று மவோரியில் ஹாப்சன் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அடுத்த மாதமே அவருக்குப் பக்கவாதம். 1842 செப்டம்பரில் இங்கேயே இறந்தார், சைமண்ட்ஸ் தெருக் கல்லறையில் இருக்கிறார். அந்த வழியாகத்தான் என் பேருந்து போகிறது.

நூலகத்தில் வேலை எழுதியது:

மீதி இரண்டு பேரையும் நான் முடித்துவிடுகிறேன்.

உங்கள் அடிக்குறிப்பு ஹாப்சன் ஜே. ஏ. ஹாப்சன், 1858 முதல் 1940 வரை வாழ்ந்தவர். தென்னாப்பிரிக்காவுக்குச் செய்தியாளராகப் போய் அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளியினரோடு பிரிட்டன் நடத்திய போயர் போர் எப்படி மூண்டது என்று நேரில் பார்த்துவிட்டு வந்து 1902இல் ஏகாதிபத்தியம் பற்றிய நூலை எழுதினார். உள்ளூரில் மக்கள் கையில் வாங்கும் சக்தி இல்லை, செல்வம் சில பேரிடம் தேங்குகிறது, அது முதலீட்டுக்கு வெளிநாட்டைத் தேடுகிறது, பின்னாலேயே பட்டாளமும் போகிறது என்பது அவர் வாதம். லெனின் தன் நூலுக்கு இதிலிருந்து நிறைய எடுத்தார், எடுத்ததாகச் சொல்லவும் செய்தார். போருக்குப் பின்னால் யூத நிதி முதலாளிகள் இருப்பதாக ஹாப்சன் எழுதிய இடங்களும் உண்டு, அதை இப்போது யாரும் நியாயப்படுத்துவதில்லை, நியாயப்படுத்தவும் கூடாது. தொகுப்பில் வேறு கட்டுரையில் அவர் வந்தால் அடிக்குறிப்பை அங்கே நகர்த்துங்கள்.

இன்னொருவர் அமெரிக்கக் கடற்படை ரிச்மண்ட் ஹாப்சன். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில், கியூபாவின் சாந்தியாகோ துறைமுக வாயை அடைக்க மெரிமாக் என்ற கரிக்கப்பலை ஏழு பேரோடு கொண்டுபோய் மூழ்கடித்தார். பிடிபட்டு, விடுதலையாகி ஊர் திரும்பினால் போகிற இடமெல்லாம் பெண்கள் வந்து முத்தம் கொடுத்தார்கள். பத்திரிகைகள் "ஹாப்சனைஸ்" என்று ஒரு வினைச்சொல்லே செய்துவிட்டன, முத்தமிடுவது என்ற பொருளில். அந்தச் சொல் அப்போதே செத்துவிட்டது. அவர் பெயரில் விட்ட போர்க்கப்பல் 1952இல் வாஸ்ப் என்ற விமானந்தாங்கிக் கப்பலோடு மோதி மூழ்கியது, 176 பேர் இறந்தார்கள்.

மெய்ப்புக்காரி எழுதியது:

எல்லோருக்கும் மனதார நன்றி. இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மூலத்தைத் திறந்து பார்த்தேன், ஹாப்சன்தான், ஹாப்ஸ் இல்லை. அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன். ஒன்பதாவது கட்டுரையில் பொருளியல் ஹாப்சன் வருகிறார், அங்கே போட்டுவிட்டேன்.

அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "கையெழுத்துப் போடலாம், போடாமலும் இருக்கலாம் என்று நிர்வாகம் சொன்னது, தொழிலாளர் முன் இருந்ததோ, இது, இல்லையேல் எதுவுமில்லை என்ற பெயரளவுத் தேர்வு." டீச்சர் சொன்ன "போல" இதற்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தொகுப்பாசிரியர் இந்த முறை சிவப்பு போடவில்லை, ஓரத்தில் "சரி" என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த பக்கத்திலேயே "மார்ட்டன்ஸ் ஃபோர்க்" என்று ஒன்று நிற்கிறது. இதுவும் யாரோ ஒருவருடைய குடும்பப்பெயர்தானா?

பழைய சுவடி எழுதியது:

ஆமாம், ஜான் மார்ட்டன், ஏழாம் ஹென்றி காலத்தில் கான்டர்பரி பேராயர், அரசரின் தலைமை அமைச்சர். வரி கேட்க அவர் வைத்ததாகச் சொல்லும் வாதம் இது: ஆடம்பரமாக வாழ்கிறாயா, பணம் இருக்கிறது, வரி கட்டு. சிக்கனமாக வாழ்கிறாயா, சேர்த்து வைத்திருப்பாய், வரி கட்டு. ஃபோர்க் என்றால் முள்கரண்டி, எந்தப் பக்கம் போனாலும் ஒரு முள் குத்தும். நீங்கள் அடித்துப் போட்ட இருதலைக்கொள்ளியை இங்கே எடுத்து வையுங்கள், பொருந்தும்.